மூன்று பெயர்கள் உள்ள காகிதம்

கதை எழுதுவதற்கு எனக்கு என்ன தகுதி இருக்கிறது என்று யாரேனும் கேட்டால், சொல்வதற்கு என்னிடம் பதில் இல்லை. பள்ளியில் கட்டுரைகளை ஒழுங்காக எழுதினேன். அதன் பிறகு கடிதங்களும் விண்ணப்பங்களும் தவிர வேறெதையும் எழுதிப் பழகியதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்க, நான் முன்வருவது துடுக்குத்தனம் என்பதை அறிவேன். ஆனால் அவர்கள் யாரும் இதை எழுதவில்லை. ஆகவே, குற்றங்குறைகளைப் பொறுத்துக்கொண்டு, யாங் மால்சுன் என்ற பெண்மணிக்கு 1970ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் நேர்ந்ததை மட்டும் கேட்டருளும்படி வாசகர்களைப் பணிவோடு வேண்டுகிறேன்.

மால்சுன் ஒசாக்கா நகரில், இக்காயினோ கால்வாயை ஒட்டிய சந்தில் குடியிருந்தார். கொரியாவின் தெற்கே கடலில் இருக்கும் செஜு தீவில் பிறந்து, பதினாறு வயதில் கப்பலேறி வந்தவர். வந்து முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. வீட்டின் கீழறையில் அவரும் கணவர் பூ தேயுனும் பிளாஸ்டிக் செருப்புகளுக்கு அடி ஒட்டினார்கள். மகள் மியங்ஜா பொத்தான் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். மூவரும் மேலறையில் உண்டு உறங்கினார்கள். பசையின் நெடி மட்டும் இரண்டு அறைகளிலும் சமமாகக் குடியிருந்தது.

மால்சுன்னுக்குக் கொரிய எழுத்தும் தெரியாது, ஜப்பானிய எழுத்தும் தெரியாது. ஆனால் காகிதம் தெரியும். சதுரமான சிவப்பு முத்திரை என்றால் வட்டார அலுவலகம். அதன் ஓரத்தில் சிறிய வட்டம் இருந்தால், எழுதிய குமாஸ்தாவின் சொந்த முத்திரை. ஊதா நிறத்தில் நீளமாக இருந்தால் ரயில் நிலையம் அல்லது துறைமுகம். முத்திரை விழுந்த எந்தக் காகிதத்தையும் அவர் எறிந்ததில்லை. கடற்பாசித் தாள் விற்கும் பெரிய தகர டப்பா ஒன்றைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்கி, அதில் எல்லாவற்றையும் அடுக்கி வைத்திருந்தார். மூடி இறுக்கமானது, ஈரம் புகாது என்பது அவருடைய காரணம். போர்க்காலத்தில் தேயுன் வேலை பார்த்த இரும்புப் பட்டறையின் அடையாள அட்டை, பங்கீட்டு அரிசிச் சீட்டு, மியங்ஜாவுக்கு அம்மை குத்திய சான்று, தெருவில் பன்றி வளர்த்ததற்காகச் சுகாதாரத் துறை அனுப்பிய கண்டன அறிவிப்பு உள்படச் சகலமும் அதில் இருந்தன.

இந்தப் பழக்கம் சந்தில் எல்லோருக்கும் ஓரளவு உண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அந்நியர் பதிவுப் புத்தகத்தை எந்நேரமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் பகுதியில் அதற்கு ‘நாய் வில்லை’ என்று பெயர். ஒரு கோடையில் தேயுன் பொதுக் குளியலறைக்குப் போனபோது அதை வேறு கால்சட்டையில் விட்டுவிட்டுப் போனார். சந்து முனையில் நின்ற காவலர் அவரைத் தினந்தோறும் பார்ப்பவர்தான், ஆயினும் கேட்டார். தலை ஈரம் காயாமல் தேயுன் காவல் நிலையத்துக்குப் போய், மூன்றாம் நாள் திரும்பினார். அன்றிலிருந்து மால்சுன் குளிக்கப் போகும்போதும் எண்ணெய்த் துணியில் சுற்றிய புத்தகத்தைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார்.

“தொட்டிக்குள்ளயும் அந்த நாய் வில்லையக் கழட்ட மாட்டீங்களாக்கா? தண்ணிக்கு அடியில போலீஸ்காரன் முங்கிக் கிடக்கிறானா?” என்று எதிர்வீட்டு ஓக்ரன் கேலி செய்வாள். குளியலறைப் பெண்கள் எல்லோரும் சிரிப்பார்கள்.

“சிரிடி, நல்லாச் சிரி. உன் புருஷன் மாட்டினா அழுதுகிட்டு எங்கிட்டதானே ஓடி வரப்போற.”

“மாட்டட்டும் விடுங்க. மூணு நாளு நான் நிம்மதியாத் தூங்குவேன்.”

ஓக்ரன், மால்சுன்னைவிட மூன்று வயது இளையவள். பன்றிக்குடல் சுட்டு விற்கும் கடை வைத்திருந்தாள், ஐந்து பிள்ளைகள். 1945இல் போர் முடிந்த மறு ஆண்டு அவளும் கணவரும் செஜுவுக்கே திரும்பிப் போனார்கள். அங்கே சோறு இல்லை, துப்பாக்கிதான் இருந்தது. ஓராண்டு கழித்து, மீன்பிடிப் படகொன்றின் அடித்தட்டில் கணவாய் மீன் பெட்டிகளுக்கு நடுவே ஒளிந்து, மீண்டும் இக்காயினோவுக்கே வந்து சேர்ந்தார்கள். வந்ததும் முதல் வேலையாக, போய்வந்ததைக் காட்டும் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டாள். இது சந்தில் அனைவருக்கும் தெரியும். சந்துக்கு வெளியே ஒருவருக்கும் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஜப்பான், தென்கொரிய அரசுகள் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, போர் முடிவதற்கு முன்பிருந்தே ஜப்பானில் இடைவிடாமல் வசித்துவரும் கொரியர்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அறிவித்திருந்தார்கள். 1971 ஜனவரி பதினாறு கடைசி நாள். உரிமை கிடைத்தால் எளிதில் நாடுகடத்த முடியாது. பிள்ளைகளுக்கும் அது உண்டு. வட்டார அலுவலகத்தின் மருத்துவக் காப்பீட்டு அட்டையும் கிடைக்கும். மால்சுன்னுக்கு வேண்டியிருந்தது அந்தக் கடைசி ஒன்றுதான். இருபது வருடப் பசை நெடி தேயுனின் நெஞ்சில் இறங்கியிருந்தது. மாடிப்படி ஏறுவதற்குள் இரண்டு முறை உட்கார்ந்தார். மூன்று மாதம் பெரிய மருத்துவமனையில் படுக்க வேண்டும் என்று சந்து மருத்துவர் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டை இல்லாமல் அந்த வாசலை மிதிப்பது நடவாத காரியம்.

விண்ணப்பத்தில் தென்கொரியக் குடிமகன் என்று எழுத வேண்டியிருந்தது. வடக்கை ஆதரிக்கும் சங்கத்தார் வீடு வீடாக வந்து எழுதாதே என்றார்கள். தெற்குச் சங்கத்தார் ஒலிபெருக்கி வைத்து எழுது என்றார்கள். தேயுன் இருவருக்கும் பார்லி தேநீர் கொடுத்து, “நான் பொறந்த தீவு தெக்கயும் இல்ல, வடக்கயும் இல்ல. தண்ணியில இருக்கு. நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டுச் சொல்லுங்க,” என்று அனுப்பிவைத்தார்.

ஓக்ரன் செப்டம்பரிலேயே விண்ணப்பித்துவிட்டாள். அவளிடம் பழைய காகிதம் ஒன்றும் இல்லை. காகிதம் இல்லாதவர்கள், அந்தக் காலத்தில் தங்களை இங்கே கண்டறிந்த இருவரைச் சாட்சியாக அழைத்து வரலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். நூடுல்ஸ் கடைக்காரர் ஒருவர், மற்றவர் மால்சுன்.

“நாற்பத்தாறு, நாற்பத்தேழிலயும் இவங்க இங்கதான் இருந்தாங்களா?” என்று குமாஸ்தா குரிஹாரா கேட்டார்.

“தினமும் பார்த்தேனுங்க. இவ குடல் கழுவுற நாத்தம் நேரா எங்க வீட்டு ஜன்னலுக்குத்தான் வரும். ஒரு நாள் வரலைன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கும்,” என்றார் மால்சுன். சொல்லிவிட்டுத் தம் பெயர் பொறித்த முத்திரையை வாயருகே கொண்டுபோய் ஊதி, அழுத்திப் பதித்தார். குரிஹாரா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

நவம்பரில் ஓக்ரனுக்கு உரிமை கிடைத்தது. அன்று மாலை சந்துக்கே குடல் சுட்டுப் போட்டாள். “அக்கா, உங்களுக்கு நான் சாட்சி. நாளைக்கே போவோம், வாங்க,” என்று மால்சுன்னின் கையைப் பிடித்தாள்.

“எனக்கு எதுக்குடி சாட்சி? உன்ன மாதிரி வெறுங்கைய வீசிக்கிட்டா போறேன்? எங்கிட்ட டப்பா நிறையக் காகிதம் இருக்கு.”

எல்லோரும் கேட்கும்படி சொன்னார். அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எழுத்து தெரியாத பெண் என்று முப்பத்து நான்கு ஆண்டுகளாக அலுவலகங்களில் ஓரமாக நிற்கவைக்கப்பட்டவர். அந்தப் பெருமை அவருக்கு மிகையானதென்று எனக்குத் தோன்றவில்லை.

டிசம்பர் முதல் வாரத்தில் மால்சுன் மகளை அழைத்துக்கொண்டு, டப்பாவைத் துணியில் கட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வட்டார அலுவலகத்துக்குப் போனார். குரிஹாரா நல்ல மனிதர். ஒவ்வொரு காகிதத்தையும் இரு கைகளாலும் வாங்கிப் பார்த்தார்.

“தோயோகாவா அம்மா, அருமையா வெச்சிருக்கீங்க. எங்க அலுவலகத்துலயே இவ்வளவு ஒழுங்கு கிடையாது.” தோயோகாவா என்பது அவர்கள் வெளியே வைத்துக்கொண்டிருந்த ஜப்பானியப் பெயர். “நாற்பத்து மூணு இருக்கு, நாற்பத்து நாலு இருக்கு. அப்புறம் நேரா நாற்பத்தெட்டு வந்துடுது. நாற்பத்தேழுல எல்லாருக்கும் முதல் பதிவு நடந்துச்சே, உங்க பேரு ஏன் அதுல இல்ல?”

மியங்ஜா தாயைப் பார்த்தாள். பதிவு என்றாலே பிடித்துப் போவதற்குத்தான் என்று அஞ்சி, அந்த ஆண்டு தேயுன் பெயர் கொடுக்காமல் இருந்தார். அடுத்த ஆண்டுதான் கொடுத்தார். அவரைப் போல் அஞ்சியவர்கள் பலர்.

“பயந்துட்டோமுங்க.”

“புரியுது. ஆனா இடையில மூணு வருஷம் காலியா இருக்கு. அந்த வருஷங்கள்ல ஏதாவது ஒரு காகிதம், ஒண்ணே ஒண்ணு போதும். இல்லைன்னா ரெண்டு சாட்சி.”

“காகிதமே இருக்கு,” என்றார் மால்சுன். “வீட்டுல வேற இடத்துல இருக்கு.”

அந்தக் காகிதம் டப்பாவில் இருந்ததில்லை. மால்சுன்னின் குளிர்கால மேற்சட்டையின் உட்புறத்தில், துணியோடு துணியாகத் தைத்து வைக்கப்பட்டிருந்தது. வீட்டுக்கு வந்து தையலைப் பிரித்தார். நான்காக மடித்த, ஓரங்கள் நைந்த தாள். மேலே ஒசாக்கா மாகாணத்தின் சதுரச் சிவப்பு முத்திரை. கீழே நீளமான ஊதா முத்திரை. நடுவில் மூன்று வரிகள்.

மியங்ஜா படித்தாள். “தாயகம் திரும்புவோர் சான்றிதழ். ஷோவா இருபத்தொன்று, அதாவது நாற்பத்தாறு, ஜூன் மாதம். பூ தேயுன், ஆண், முப்பத்தொன்று. யாங் மால்சுன், பெண், இருபத்தாறு. பூ இன்சுக், பெண், இரண்டு.” நிறுத்திவிட்டு, “இதுதான் அக்கா பேரா?” என்று கேட்டாள்.

“மூணாவது வரி. அது எனக்குத் தெரியும்,” என்றார் மால்சுன்.

1946 ஜூனில் அவர்களும் ஊர் திரும்பப் புறப்பட்டவர்கள்தாம். ஓக்ரன் குடும்பத்தோடு சேர்ந்து ஒரே ரயிலில் சென்சாக்கித் துறைமுகத்துக்குப் போனார்கள். கப்பலுக்காக ஒரு கிடங்கில் பதினோரு நாள் காத்திருந்தார்கள். பன்னிரண்டாம் நாள் வரிசையில் நிறுத்தி, தலையிலும் சட்டைக்குள்ளும் வெள்ளைப் பொடி அடித்து, பரிசோதனை முடிந்தது என்று காகிதத்தில் ஊதா முத்திரை குத்தினார்கள். அன்று பிற்பகலே குழந்தை இன்சுக்குக்கு வயிற்றோட்டம் கண்டது. மறுநாள் காலை கப்பல் புறப்படும் நேரத்தில் குழந்தை உயிரோடு இல்லை. மேல்தட்டில் நின்று ஓக்ரன் ஏதோ கத்தினாள், காற்றில் கேட்கவில்லை. கரையில் நின்ற தேயுன், அடுத்த கப்பலில் போகலாம் என்றார். மால்சுன் கேட்காமல் ஒசாக்கா ரயிலில் ஏறிவிட்டார், தேயுனும் கூடவே ஏறினார்.

“அத எடுத்துக்கிட்டுப் போகாத, மியங்ஜா அம்மா,” என்றார் தேயுன். இருமல் தணியும்வரை காத்திருந்து மறுபடியும் பேசினார். “போறதுக்குக் கொடுத்த காகிதத்தக் காட்டி, போகலன்னு சொல்லப் போறியா?”

“கப்பல்ல ஏறினவங்க கையில இருந்து இத வாங்கி வெச்சுக்கிட்டாங்க. படிக்கட்டுல ஒருத்தன் உக்காந்து வாங்கி வாங்கிப் பெட்டியில போட்டான், நான் பார்த்தேன். நம்ம கையில இன்னும் இருக்குன்னா நாம ஏறலன்னுதானே அர்த்தம்? இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“உனக்கு அர்த்தம் புரியுது. அவனுக்குப் புரியணுமே.”

“அப்பா சொல்றதுதாம்மா சரி. பேசாம ஓக்ரன் சித்தியக் கூட்டிட்டுப் போவோம்,” என்றாள் மியங்ஜா.

“ஊரே கேக்க, சாட்சி வேணாம்னு சொல்லிட்டு இப்பப் போய் அவ வாசல்ல நிக்கவா? பொய் சொன்ன அவளுக்குக் கிடைச்சிருக்கு. உண்மையான முத்திரை வெச்சிருக்கேன், எனக்குக் கிடைக்காதா?”

அந்த வாதத்தில் நான் இன்றுவரை ஒரு ஓட்டையையும் கண்டதில்லை.

மறுநாள் காகிதத்தைக் கண்டதும் குரிஹாராவின் முகம் மலர்ந்தது. “ஆகா, நாற்பத்தாறு! இதுதாம்மா வேணும்.” பிறகு மேலிருந்து கீழாக வாசித்தார். மறுபடியும் வாசித்தார். மன்னிக்கச் சொல்லி எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது கைகள் வெறுமையாக இருந்தன.

“தோயோகாவா அம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. அதுல துறைமுகத்தோட பரிசோதனை முத்திரை இருக்கு. பரிசோதனை முடிஞ்சவங்க கப்பல் ஏறினதாத்தான் எடுத்துக்கணும்னு எங்க மேலதிகாரி சொல்றார்.”

“நாங்க ஏறலைங்க.”

“ஏறலைன்னு அதுல எழுதலையே.”

“ஏறாதவங்களுக்கு யாருங்க எழுதிக் கொடுப்பாங்க?”

“அதுதான் சிக்கல். போனதுக்கு ஒரு காகிதம் இருக்கு. போகாததுக்கு ஒண்ணும் இல்ல.”

“ஏறியிருந்தா அந்தக் காகிதம் எங்கிட்ட ஏதுங்க?” என்று மால்சுன் தம் வாதத்தைச் சொன்னார். குரிஹாரா தலையாட்டிக்கொண்டே கேட்டார். அவருக்குப் புரிந்தது என்றே நினைக்கிறேன். புரிந்தவர் கையில் அதிகாரம் இல்லை.

“இன்னொண்ணும் கேக்கச் சொன்னார்.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “மூணாவதா ஒரு பேரு இருக்கே. அந்தப் பொண்ணு இப்ப எங்க?”

“செத்துப் போச்சு. சென்சாக்கியிலயே.”

“இறப்புப் பதிவு ஏதாவது?”

கிடங்குக்குப் பின்னால் விறகு அடுக்கி எரித்த ஆள் காகிதம் எதுவும் தரவில்லை. கேட்க வேண்டும் என்று அன்றைக்குத் தோன்றவும் இல்லை.

“மேலதிகாரி என்ன நினைக்கிறார்னா... மூணு பேர் போயிருக்காங்க, ரெண்டு பேர்தான் இங்க இருக்காங்க. அப்ப அந்தக் குழந்தையக் கொரியாவுல சொந்தக்காரங்ககிட்ட விட்டுட்டு, நீங்க ரெண்டு பேரும் அப்புறம் திருட்டுத்தனமா... மன்னிக்கணும், வேற வழியா வந்திருப்பீங்கன்னு.”

“எங்க இருக்குன்னு அவருக்குத் தெரிஞ்சா சொல்லச் சொல்லுங்க,” என்றார் மால்சுன். “நான் போய்ப் பார்த்துட்டு வந்துடுறேன்.”

மியங்ஜா ஜப்பானிய மொழியில் மன்னிப்புக் கேட்டாள். அம்மாவின் தோளைப் பிடித்து எழுப்பினாள். கதவருகே மால்சுன் திரும்பி நின்று, காகிதத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்றார். அது கோப்பில் சேர்ந்துவிட்டது, இனிமேல் எடுக்க இயலாது, நகல் வேண்டுமானால் தனி விண்ணப்பம் எழுதலாம் என்று குரிஹாரா எழுந்து நின்று, இடுப்பு வரை குனிந்து சொன்னார்.

கோப்பு குடிவரவு அலுவலகத்துக்குப் போயிற்று. விசாரணை ஜனவரி எட்டு என்று அறிவிப்பு வந்தது. அதற்கு நான்கு நாள் முன்பு மால்சுன் எதிர்வீட்டுக்குப் போனார். ஓக்ரன் கடைக்குப் பின்புறம் குந்தி உட்கார்ந்து, வாளியில் உப்புப் போட்டுக் குடல் கசக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே, “கேக்காதீங்கக்கா,” என்றாள்.

“நான் இன்னும் வாயே திறக்கல.”

“நீங்க தெருவக் கடந்து வர்றப்பவே தெரிஞ்சுது.”

“உனக்காக நான் பொய் சொன்னேன், ஓக்ரன்.”

“அதுதாங்க்கா விஷயம். நீங்க சொன்னது பொய். பொய்ய எழுதிக்கிட்டு அனுப்பிட்டாங்க. நான் இப்ப உண்மையச் சொல்லணும். அவங்க ஏறல, கரையில நின்னாங்க, என் கண்ணால பார்த்தேன்னு சொன்னா, நீ எங்க நின்னு பார்த்தேன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? கப்பல் மேல நின்னேன்னா?”

“இக்காயினோவுல பார்த்தேன்னு சொல்லு.”

“ஊதா முத்திரையப் பார்த்தவன் அத நம்புவானா? என்னையும் சேர்த்துத் தோண்டுவான். என் அஞ்சு பிள்ளைங்க பேரும் இப்ப அந்தப் பதிவுல ஏறியிருக்கு.” குடலை வாளியில் போட்டுவிட்டு முதன்முறையாக நிமிர்ந்தாள். “வெறுங்கையோட போயிருந்தா நான் வந்திருப்பேன். கையப் பிடிச்சுக் கூப்பிட்டேனே! சந்தே கேக்க என்ன சொன்னீங்க?”

ஓக்ரன் ஈரக் கையோடு எழுந்து, ஈரல் துண்டொன்றைச் செய்தித்தாளில் சுற்றி, “அண்ணனுக்கு ஆக்கிக் கொடுங்க,” என்று நீட்டினாள். மால்சுன் அதை மூஞ்சியில் விட்டெறிந்திருப்பார் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். வாங்கிக்கொண்டார். தேயுன் இரண்டு நாளாகக் கஞ்சி தவிர வேறெதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

குடிவரவு அலுவலகத்து விசாரணையாளர் நரைத்த தலையர், சளி பிடித்திருந்தது. கேள்விக்கு நடுவே மூக்கைத் துடைத்துக்கொண்டார். எல்லாவற்றையும் முதலிலிருந்து கேட்டார். கடைசியில் பேனாவை வைத்துவிட்டு, கொஞ்சம் முன்னால் குனிந்தார்.

“அம்மா, நீங்க சொல்றது உண்மையாவும் இருக்கலாம். நான் இல்லைங்கல. அன்னிக்கு அந்தத் துறைமுகத்துல உங்க ஊர்க்காரங்க யாராவது கூட இருந்திருப்பாங்களே? கப்பல்ல ஏறினவங்க, உங்களக் கரையில பார்த்தவங்க. ஒரே ஒரு பேரு சொல்லுங்க. விசாரிக்கிறேன்.”

மியங்ஜாவின் முழங்கால் மேசைக்கு அடியில் தாயின் முழங்காலை இடித்தது.

“கூட்டமா இருந்துச்சுங்க,” என்றார் மால்சுன். “யாரும் ஞாபகத்துல இல்ல.”

வெளியே பேருந்து நிறுத்தத்தில் மகள் வெடித்தாள். “ஏம்மா சொல்லல? ஒரு பேரு! அப்பா மூச்சு விட முடியாமக் கிடக்கிறார், நீ அவளக் காப்பாத்திக்கிட்டு இருக்கியா? அவ நமக்கு வந்தாளா?”

“சொன்னா நமக்கு வரும்னு யார் சொன்னா? அவளுக்கு இருக்கறது போகும், அது நிச்சயம். அந்த ஆளுக்கு ஒரு கோப்புக்குப் பதிலா ரெண்டு கோப்பு.”

“வந்தாலும் வந்திருக்கலாம்ல?”

மால்சுன் வந்து நின்ற பேருந்தில் ஏறினார்.

இதைப் பெருந்தன்மை என்று எழுதி முடித்தால் எனக்கும் ஆறுதலாக இருக்கும். உண்மை அப்படியில்லை. அதற்குப் பிறகு வந்த வாரத்தில் அவர் மூன்று முறை நல்ல உடை உடுத்தி, ஓக்ரன் பெயரைச் சொல்லிவிடுவது என்று குடிவரவு அலுவலகத்துக்குப் புறப்பட்டார். முதல் முறை கால்வாய்ப் பாலம் வரை போனார். இரண்டாம் முறை பேருந்தில் ஏறி, அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டார். மூன்றாம் முறை அலுவலக வாசலுக்கே போய்விட்டார். அன்று ஜனவரி பதினாறு. கடைசி நாள் என்பதால் வரிசை தெருவரை நீண்டிருந்தது. அதில் நின்றார். தமக்கு முன்னால் இருபது பேர் இருக்கும்போது, ஓக்ரனின் கடைக்குட்டிப் பெண்ணின் பெயர் என்ன என்று நினைத்துப் பார்த்தார். உடனே நினைவுக்கு வந்தது. வரிசையிலிருந்து விலகி வீட்டுக்கு நடந்தார். சொல்லவில்லை என்பதற்காக அவர் நிம்மதி அடையவும் இல்லை. சொல்லியிருக்க வேண்டும் என்று தேயுன் இருமும் ஒவ்வொரு முறையும் நினைத்ததாகப் பிற்காலத்தில் அவரே சொன்னார்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. மியங்ஜா படித்துக் காட்டினாள். இடைவிடாத வசிப்பு நிரூபிக்கப்படாததால் விண்ணப்பம் ஏற்கப்படவில்லை. போருக்குப் பின் அனுமதியின்றி நுழைந்தவர்களாகக் கருதப்பட்டு, கருணையின் அடிப்படையில் ஓராண்டுக்குத் தங்கும் அனுமதி வழங்கப்படுகிறது. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். இங்கேயே பிறந்த மகளுக்கும் இதுவே பொருந்தும்.

“கருணைக்கு நன்றின்னு எழுதிப் போடு,” என்றார் தேயுன், படுத்தபடியே. “முத்திரை இருக்கா அதுல?”

“ரெண்டு இருக்குப்பா.”

“அப்ப பத்திரமா வெச்சுக்கச் சொல்லு உங்க அம்மாவ.”

அவர் சிரிக்க முயன்றார், இருமல் வந்துவிட்டது. மால்சுன் அந்தத் தாளை வாங்கி, செருப்பு ஒட்டும் மேசைமேல் வைத்துவிட்டு, அன்றைய வேலையைத் தொடங்கினார்.

இழந்தவற்றை இங்கே எழுதி முடித்துக்கொள்கிறேன்.

மூன்று பேருக்குக் கிடைத்திருக்க வேண்டிய நிரந்தர வசிப்புரிமை. இன்சுக் என்ற பெயர் எழுதப்பட்டிருந்த ஒரே காகிதம். மருத்துவமனையில் மூன்று மாதப் படுக்கை. ஏப்ரல் ஒன்பதாம் நாள் காலை, ஐம்பத்தாறு வயதில், பூ தேயுன். எதிர்வீட்டோடு இருந்த பேச்சு. ஓக்ரன் சாவுக்கு வந்து வாசலில் நின்றாள், யாரும் உள்ளே அழைக்கவில்லை. மியங்ஜாவுக்கு, அனுமதியைப் புதுப்பிக்கும் வரிசையில் நிற்க, ஆண்டுக்கு ஆறு வேலை நாட்கள்.